ஸ்கிரிப்ட் மாறவில்லை, ஆனாலும் ஒவ்வொரு முறையும் கம்பைல்: சிஸ்டம்டாப் கேஷ் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு டேட்டாபேஸ் சர்வர். டிஸ்கில் எழுதும் வேலை அவ்வப்போது இழுக்கிறது என்று சந்தேகம். அதைக் கையும் களவுமாகப் பிடிக்க, ஓடும் லினக்ஸ் கெர்னலுக்குள் என்ன நடக்கிறது என்று கவனிக்க உதவும் சிஸ்டம்டாப் கருவியில் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதி, சிஸ்டம்டி டைமர் (குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் வசதி) வழியாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வைத்திருக்கிறார்கள். எழுதியதை டிஸ்கில் உறுதியாகச் சேர்க்கும் எஃப்சிங்க் என்ற கெர்னல் செயல்கூறு தொடங்கும்போது நேரத்தைக் குறித்துக்கொள்ளும். முடியும்போது வித்தியாசம் பார்க்கும். குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் ஒரு வரி எழுதும். கூடவே, டிஸ்க் கோரிக்கைகளைக் கையாளும் பிளாக் அடுக்குக்கு எப்போது கோரிக்கை போகிறது என்பதையும் ஒரு டிரேஸ்பாயின்ட் (கெர்னல் நிரலிலேயே வைத்திருக்கும் கவனிப்பு இடம்) மூலம் பார்க்கும். அரை நிமிடம் கவனித்துவிட்டு முடித்துக்கொள்ளும். இருபது வரிக்கு மேல் இல்லை.

ஓட ஆரம்பித்த பிறகு சிபியு வரைபடத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முள் கிளம்பியது. அந்த நேரத்தில் என்ன ஓடுகிறது என்று பார்த்தால் ஜிசிசி கம்பைலர். அதைச் சுற்றி மேக், அசெம்பிளர், லிங்கர். ஸ்கிரிப்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, கெர்னலும் மாறவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒரு கெர்னல் மாட்யூல் (கெர்னலுக்குள் ஏற்றக்கூடிய நிரல் துண்டு) புதிதாகக் கம்பைல் ஆகிறது. தாமதத்தை அளக்க வந்த கருவியே சிபியுவையும் டிஸ்கையும் பிடித்துக்கொண்டால், அது எழுதும் எண்களை எப்படி நம்புவது? சிஸ்டம்டாப்பில் கேஷ், அதாவது ஒரு முறை உருவாக்கியதைச் சேமித்து மறுபடி பயன்படுத்தும் ஏற்பாடு, இருக்கிறது, இயல்பாகவே இயங்கும் நிலையில்தான் இருக்கிறது. அது ஏன் இங்கே உதவவில்லை என்பதுதான் கேள்வி.

ஐந்து கட்டங்கள், நடுவில் ஒரு சாவி

2005-ல் தொடங்கிய சிஸ்டம்டாப் ஒரு ஸ்கிரிப்டை ஐந்து கட்டங்களில் கையாள்கிறது. முதலில் ஸ்கிரிப்டையும், தயார் ஸ்கிரிப்டுகள் அடங்கிய டேப்செட் நூலகத்தையும் படித்துப் பிரிக்கிறது. இரண்டாவதாக, ஸ்கிரிப்டில் உள்ள பெயர்களுக்கு டெபக் தகவலில் பொருள் தேடுகிறது: இந்தச் செயல்கூறு எந்த முகவரியில் இருக்கிறது, இந்த மாறி எந்த ரெஜிஸ்டரில் இருக்கிறது என்பதெல்லாம் இங்கே தீர்மானமாகும். மூன்றாவது கட்டத்தில் சி நிரல் பிறக்கிறது. நான்காவதில் அந்த நிரல் கெர்னலின் சொந்த பில்ட் முறையிலேயே மாட்யூலாகக் கம்பைல் ஆகிறது. ஐந்தாவதில் ஸ்டாப்ரன் என்ற சிறிய நிரல் அதைக் கெர்னலில் ஏற்றி, வெளிவருவதைத் திரைக்குக் கொண்டுவருகிறது.

சிறிய ஸ்கிரிப்டுகளுக்குப் பெரும்பாலும் அதிக நேரம் பிடிப்பது நான்காவது கட்டம்தான். கேஷ் தவிர்க்கப் பார்ப்பதும் அதையும் அதற்கு முந்தைய மூன்றாவதையும்தான். ஒரு முறை உருவான சி கோப்பும் மாட்யூலும் பயனரின் ஹோம் டைரக்டரியில் சிஸ்டம்டாப்புக்கென இருக்கும் மறைவு டைரக்டரிக்குள் போய்ச் சேரும். மாட்யூலின் பெயரே அதன் சாவி: முன்னால் ‘ஸ்டாப்’, பிறகு பதினாறடிமான எண்ணில் ஒரு ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்க அடையாளம்), கடைசியில் ஹேஷுக்குள் போன தகவலின் நீளம். ஹேஷின் முதல் இரண்டு எழுத்துகளே துணை டைரக்டரியின் பெயர். ஆயிரக்கணக்கான கோப்புகள் ஒரே இடத்தில் குவியாமல் இருக்க இந்த ஏற்பாடு.

அந்தச் சாவி எப்போது கணக்கிடப்படுகிறது என்பதுதான் இந்த வடிவமைப்பின் உயிர்நாடி. ஸ்கிரிப்ட் கோப்பைத் திறந்த கையோடு அதன் எழுத்துகளை ஹேஷ் செய்துவிட்டால் வேலை சுலபம், வேகமும் கூட. சிஸ்டம்டாப் அப்படிச் செய்வதில்லை. இரண்டாம் கட்டம் முழுதாக முடியும்வரை காத்திருக்கிறது. பெயர்கள் எல்லாம் தீர்ந்த நிலையில் இருக்கும் ஸ்கிரிப்டை உள்ளுக்குள்ளேயே, மிக விரிவான அளவில், மறுபடி உரையாக எழுதுகிறது. அந்த உரையைத்தான் ஹேஷ் செய்கிறது.

இதனால் இரண்டு நன்மைகள். முதலாவது சின்னது: கருத்துரை சேர்த்தாலும், வரியை உடைத்தாலும், இடைவெளி விட்டாலும் சாவி மாறாது. இரண்டாவதுதான் பெரிது. ஸ்கிரிப்ட் அப்படியே இருக்க, அது கவனிக்கும் நிரல் மாறிவிடலாம். ஒரு பயனர் நிரலை அதே பெயரில், அதே இடத்தில் மறுபடி கம்பைல் செய்து வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்டில் எழுதியிருக்கும் செயல்கூறின் பெயர் பழையதுதான், ஆனால் அதன் முகவரி வேறாகிவிட்டது. கோப்பின் எழுத்துகளை மட்டும் ஹேஷ் செய்திருந்தால் பழைய மாட்யூல் கிடைத்து, தவறான முகவரியில் புரோப் (கவனிக்கும் புள்ளி) உட்கார்ந்திருக்கும். சிஸ்டம்டாப் அந்த உள் உரையில் ஒவ்வொரு புரோபுக்கும் பக்கத்தில் அதன் நிரல் முகவரியையும் ஒரு கருத்துரையாக எழுதிவைக்கிறது. முகவரி நகர்ந்தால் உரை மாறும், உரை மாறினால் சாவி மாறும். இந்தக் கருத்துரை வெறும் அலங்காரம் இல்லை, கேஷ் கணக்கில் சேருகிறது என்று மூல நிரலிலேயே குறித்து வைத்திருக்கிறார்கள். எழுதியவர்களின் கவனம் அந்த ஒரு வரியில் தெரிகிறது.

உரையோடு இன்னும் பல விஷயங்கள் சாவியில் சேர்கின்றன. கெர்னல் வெளியீடு, அதன் பில்ட் டைரக்டரி, கட்டமைப்பு, கெர்னல் கான்ஃபிக் கோப்பு, கம்பைலர், சிஸ்டம்டாப் நிரல், கட்டளை வரியில் கொடுக்கும் மேக்ரோக்கள், மாட்யூலின் தன்மையை மாற்றும் தெரிவுகள். கம்பைலர் போன்ற கோப்புகளை முழுதாகப் படித்து ஹேஷ் செய்வதில்லை. பாதை, அளவு, கடைசியாக மாறிய நேரம் ஆகிய மூன்றும் போதும் என்று விட்டிருக்கிறார்கள். கம்பைல் முடிவுகளைச் சேமிக்கும் சிகேஷ் கருவி கம்பைலரை அடையாளம் காண இயல்பாகச் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். நியாயமான சமரசம் என்றே சொல்வேன். ஆனால் கண்டெய்னர் இமேஜைத் திரும்பத் திரும்ப உருவாக்கும் இடத்தில், கம்பைலர் அதேதான் என்றாலும் கோப்பின் நேரம் மாறிப்போனால், கேஷ் மொத்தமும் வீணாகும்.

முதலில் கண்ணில் பட்டவை

நம் சர்வருக்கு வருவோம். டெம்ப் டைரக்டரியைப் பார்த்ததுமே ஒரு காரணம் தெரிந்துவிட்டது. சிஸ்டம்டாப் விட்டுச்சென்ற தற்காலிக டைரக்டரிகள் வரிசையாக நின்றன. ஸ்கிரிப்டை முதன்முதலில் சோதித்தபோது, உருவாகும் சி நிரலைப் படித்துப் பார்க்க ‘கே’ தெரிவைச் சேர்த்திருக்கிறார்கள். அது அப்படியே சர்வீஸ் கோப்புக்கும் வந்துவிட்டது. தற்காலிக டைரக்டரியை அழிக்காமல் வை என்பது அதன் பொருள். பயனர் முழுமையான பில்ட் டைரக்டரியைக் கையில் வைத்திருக்க விரும்புகிறார் என்று எடுத்துக்கொண்டு, அந்த ஓட்டத்துக்கு ஸ்கிரிப்ட் கேஷையே சிஸ்டம்டாப் ஒதுக்கிவிடும். கேஷிலிருந்து எடுத்தால் பில்ட் டைரக்டரியில் வைக்க ஒன்றும் இருக்காது அல்லவா. தர்க்கம் சரிதான், ஆனால் பெயரைப் பார்த்தால் இது தோன்றாது. தெரிவை எடுத்தாயிற்று.

அடுத்தது ஹோம் டைரக்டரி. சர்வீஸ் கோப்பில் பாதுகாப்புக்காக ஹோம் டைரக்டரிகளை மறைக்கும் அமைப்பு போட்டிருந்தது. அப்படிப் போட்டால் ரூட் பயனரின் ஹோமும் சேர்ந்தே மறைந்துவிடும். தன் தரவு டைரக்டரியை உருவாக்க முடியாதபோது சிஸ்டம்டாப் நின்றுவிடுவதில்லை. ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டு, கேஷ் இல்லாமலே தொடரும். எச்சரிக்கை சிஸ்டம்டியின் பதிவான ஜர்னலில் இருந்தது, யாரும் பார்க்கவில்லை. இதற்கு ஹோமைத் திறந்துவிட வேண்டியதில்லை. தரவு டைரக்டரியின் இடத்தை மாற்ற ஒரு சூழல் மாறி இருக்கிறது. அதை வார் டைரக்டரியின் கீழ் ரூட் மட்டும் எழுதக்கூடிய ஓர் இடத்துக்குத் திருப்பிவிட்டால் போதும்.

ரூட் மட்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கேஷில் இருப்பவை கெர்னலுக்குள் நேரே ஏறும் மாட்யூல்கள். வேறொருவர் அங்கே ஒரு கோப்பை மாற்றி வைக்க முடிந்தால், அவர் நிரல் அடுத்த ஓட்டத்தில் கெர்னல் அதிகாரத்தோடு ஓடும். சிஸ்டம்டாப்பின் ஹேஷ் எம்டி4 வகை. தாக்குதலைத் தடுக்கும் தகுதி அதற்கு இல்லை, அந்த வேலைக்காக அதை வைக்கவும் இல்லை. ஒரே பயனரின் சொந்தக் கோப்புகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய அது போதும். கேஷுக்குப் பாதுகாப்பு டைரக்டரியின் அனுமதிகளில்தான் இருக்கிறது.

சாவி ஏன் ஒவ்வொரு முறையும் மாறியது

இரண்டையும் சரிசெய்த பிறகு கேஷ் டைரக்டரியில் மாட்யூல்கள் வந்து சேர ஆரம்பித்தன. ஆனால் முள் போகவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு புதிய மாட்யூல் சேர்ந்துகொண்டே இருந்தது. கேஷ் எழுதப்படுகிறது, ஒருபோதும் வாசிக்கப்படவில்லை. இது முன்பிருந்ததைவிட மோசம்: கம்பைலும் நடக்கிறது, டிஸ்கும் நிரம்புகிறது.

இங்கேதான் சிஸ்டம்டாப்பின் ஒரு நல்ல பழக்கம் கைகொடுக்கிறது. கேஷில் மாட்யூலுக்குப் பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு லாக் கோப்பு இருக்கும். ஹேஷுக்குள் என்னென்ன போயின என்று பெயரும் மதிப்புமாக அதில் எழுதியிருக்கும். அடுத்தடுத்து உருவான இரண்டு மாட்யூல்களின் லாக்குகளை எடுத்து டிஃப் போட்டால், எது மாறியது என்பது தெரிந்துவிடும். கெர்னல் வெளியீடு ஒன்றே, பில்ட் டைரக்டரி ஒன்றே, கம்பைலரின் அளவும் நேரமும் ஒன்றே, தெரிவுகளும் ஒன்றே. அப்படியானால் மிஞ்சுவது ஸ்கிரிப்டின் விரிந்த உரை மட்டும். இரண்டாம் கட்டத்தோடு நிறுத்தி, ‘வி’ தெரிவோடு ஓட்டினால் அந்த உரையைத் திரையிலேயே பார்க்கலாம். சர்வீஸ் கொடுக்கும் அதே மதிப்புகளோடு இரு முறை ஓட்டி ஒப்பிட்டதில் ஒரே ஒரு வரி வேறாக இருந்தது. தொடக்கத்தில் அறிக்கைத் தலைப்பை அச்சிடும் வரி. அதில் ஓட்டம் தொடங்கிய தேதியும் நேரமும் ஒரு சரமாக உட்கார்ந்திருந்தன.

அந்தச் சரம் வந்தது கட்டளை வரியிலிருந்து. ஸ்கிரிப்டுக்கு மூன்று மதிப்புகள் கொடுத்திருந்தார்கள்: டேட்டாபேஸின் செயல்முறை எண், மைக்ரோ விநாடியில் வரம்பு, தலைப்புக்கான நேரம். ஸ்கிரிப்டுக்குள் டாலர் குறியோடு எண்ணையோ அட் குறியோடு சரத்தையோ இப்படி எடுத்துக்கொள்ளலாம். பார்ப்பதற்கு ஷெல் ஸ்கிரிப்டின் மதிப்புகள் போலவே இருக்கும். ஆனால் ஷெல்லில் அவை ஓடும்போது கிடைப்பவை. சிஸ்டம்டாப்பில் அவை முதல் கட்டத்திலேயே, படிக்கும்போதே, நிரலுக்குள் மாறிலியாகப் பதிந்துவிடும். சி மொழியின் மேக்ரோ எப்படியோ அப்படி. நொடி மாறினால் சரம் மாறும், சரம் மாறினால் அது வேறொரு நிரல். கேஷ் தன் கடமையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது: வேறு நிரல் கேட்டார்கள், வேறு மாட்யூல் கொடுத்தது.

எனவே தீர்வு ஸ்கிரிப்டில் இருக்கிறது. கம்பைல் நேரத்தில் தீர வேண்டியது எது, ஓடும் நேரத்தில் தெரிந்தால் போதுமானது எது என்று பிரிக்க வேண்டும்.

தலைப்புக்கான நேரத்தை வெளியிலிருந்து கொடுக்கவே தேவையில்லை. புரோப் தொடங்கும்போது ஸ்கிரிப்டே நேரத்தைக் கேட்டு அச்சிடலாம். டேப்செட்டின் சிடைம் செயல்கூறு யுடிசி நேரம்தான் தரும். உள்ளூர் நேரம் வேண்டுமென்றால் டிஇசட்-சிடைம் இருக்கிறது. நேர மண்டலத்தை ஸ்டாப்ரன் மாட்யூலை ஏற்றும்போது கொடுக்கிறது, ஆகவே அதுவும் சாவியைத் தொடாது.

செயல்முறை எண்ணுக்கென்றே ‘எக்ஸ்’ தெரிவு இருக்கிறது. ஸ்கிரிப்டில் டார்கெட் செயல்கூறோடு ஒப்பிட்டுக்கொண்டால், எண் மாட்யூலை ஏற்றும் நேரத்தில் உள்ளே போகும். டேட்டாபேஸ் மறுதொடக்கம் ஆகி எண் மாறினாலும் அதே மாட்யூல் போதும். வரம்பை ஒரு குளோபல் மாறியாக்கி, தொடக்க மதிப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டு, பெரிய ‘ஜி’ தெரிவால் வேண்டியபோது மாற்றிக்கொள்ளலாம். இது மாட்யூல் பாராமீட்டராகப் போகிறது. அணிகளுக்குச் செல்லாது, தனி எண், தனிச் சரம் என்றால் சரி.

இந்த மூன்றையும் மாற்றியதும் இரண்டாவது ஓட்டத்திலிருந்து, ‘வி’ தெரிவோடு வரும் கட்ட விவரத்தில் மூன்றாவதும் நான்காவதும் கேஷில் உள்ள கோப்பைப் பயன்படுத்துவதாகக் காட்டின. ஜிசிசி வரவில்லை. முள்ளும் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

கேஷ் நிரம்பிய விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கேஷ் டைரக்டரியிலேயே இருக்கும் ஒரு சிறிய கோப்பில் மெகாபைட் கணக்கில் வரம்பு எழுதியிருக்கும். அதைத் தாண்டினால் நீண்ட நாள் தொடப்படாத கோப்புகள் முதலில் போகும். நம் ஸ்கிரிப்ட் ஐந்து நிமிடத்துக்கு ஒரு குப்பை மாட்யூலைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, அதே சர்வரில் வாரம் ஒரு முறை ஓடும் வேறு ஸ்கிரிப்டுகளின் நல்ல மாட்யூல்களும் வெளியே தள்ளப்பட்டிருக்கும். ஒரு ஸ்கிரிப்டின் மாறும் சாவி மற்றவர்களின் கேஷையும் கெடுக்கும். வரம்பை உயர்த்துவது இதற்கு மருந்து அல்ல.

பெயர் மோதல்

இன்னொரு சிக்கல், நம் சர்வரில் வரவில்லை, ஆனால் கேட்கத் தகுந்தது. ஒரே பெயரில் இரண்டு மாட்யூல்களைக் கெர்னல் ஏற்றாது. கேஷ் இல்லாத உலகில் ஒவ்வொரு கம்பைலுக்கும் ஒரு தற்செயல் பெயர் வைத்தால் முடிந்தது. கேஷ் வந்ததும் ஒரே ஸ்கிரிப்டை இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஓட்டினால் இருவருக்கும் ஒரே மாட்யூல், ஒரே பெயர். டைமர் ஓட்டம் முடியுமுன் யாராவது கையால் ஓட்டிப் பார்த்தாலும் இதே கதை. இதற்காக ஏற்றுவதற்கு முன் மாட்யூலின் பெயரை மாற்றும் வசதி ஸ்டாப்ரனில் இருக்கிறது. நினைவகத்தில் இருக்கும் பிரதியில் பெயர் இருக்கும் பகுதியைத் தேடி, தன் செயல்முறை எண்ணைச் சேர்த்துத் தனிப்பெயராக்கும். டிஸ்கில் உள்ள கோப்பு தொடப்படாது. உள்ளடக்கத்துக்கு ஒரு பெயர், ஓட்டத்துக்கு ஒரு பெயர் என்ற இந்தப் பிரிப்பு இல்லாமல் மாட்யூல் கேஷ் என்பது நடைமுறையில் நிற்காது.

மிஞ்சிய நேரம்

ஜிசிசி போன பிறகும் ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் கொஞ்சம் சிபியு செலவாகிறது. அது முதல் இரண்டு கட்டங்கள். சாவி இரண்டாம் கட்டத்தின் முடிவில்தான் பிறக்கிறது. ஆகவே சாவியைத் தேடுவதற்கே டேப்செட்டுகளைப் படித்து, கெர்னலின் டெபக் தகவலைத் திறந்து, எல்லாப் பெயர்களையும் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சரியான மாட்யூல்தான் கிடைக்கும் என்ற உறுதிக்கு இது விலை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. கெர்னலுக்குள் நிரல் ஏற்றும் கருவி வேகத்துக்காக இந்த இடத்தில் ஊகிக்க ஆரம்பிப்பதை நான் விரும்பமாட்டேன்.

ஆனாலும் இரண்டாம் கட்டத்துக்குள் சில துண்டுகளுக்குத் தனிக் கேஷ் உண்டு. டிரேஸ்பாயின்டுகளின் வடிவம் கெர்னல் ஹெடர்களில் இருக்கிறது. அதை அறிய சிஸ்டம்டாப் அந்த ஹெடர்களைச் சேர்த்துச் சிறு கோப்புகளைக் கம்பைல் செய்து, அவற்றின் டெபக் தகவலைப் படிக்கும். இவை கேஷில் தங்கும். அதேபோல் நான்காம் கட்டத்தில், இந்தக் கெர்னலில் எந்தெந்த வசதி இருக்கிறது என்று பார்க்கும் ஏராளமான சிறு சோதனைகளின் முடிவுகள் ஒரே ஹெடர் கோப்பாகச் சேமிக்கப்படும். ஸ்கிரிப்ட் புதிதாக இருந்தாலும் இந்தச் சோதனைகள் மறுபடி நடக்காது. கெர்னல் புதுப்பித்த பிறகு வரும் முதல் ஓட்டம் ஏன் அத்தனை இழுக்கிறது என்பதற்கும் இதுவே விடை: மாட்யூல் மட்டுமல்ல, இவை எல்லாமே புதிதாக உருவாக வேண்டும்.

கேஷின் மேலேயே சந்தேகம் வந்தால் இரண்டு தெரிவுகள் உண்டு. டிசேபிள் கேஷ் என்பது படிக்கவும் செய்யாது, எழுதவும் செய்யாது. பாய்சன் கேஷ் என்பது பழையதைப் படிக்காது, புதியதை எழுதும். பின்னதைப் போட்டதும் பிரச்சினை தீர்ந்தால், அது சிஸ்டம்டாப்பின் பிழையாக இருக்கலாம், தெரிவியுங்கள் என்று கையேடே கேட்டுக்கொள்கிறது. கேஷை மொத்தமாக அழித்துவிட்டு நகர்பவர்கள் அந்த வாய்ப்பை இழக்கிறார்கள்; அழிப்பதற்கு முன் லாக் கோப்பையாவது எடுத்து வையுங்கள்.

கேஷையும் தாண்டி

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் சர்வீஸுக்கு இரண்டாம் கட்டமும் வேண்டாம் என்றால், நான்காம் கட்டத்தோடு நிறுத்தி மாட்யூலை ஒரு முறை உருவாக்கி வைத்துக்கொண்டு, ஸ்டாப்ரனை நேரே அழைக்கலாம். வேறு இயந்திரத்திலும் உருவாக்கலாம். கெர்னல் வெளியீட்டைக் குறிப்பிட ஒரு தெரிவு இருக்கிறது, அந்த வெளியீட்டின் ஹெடர்களும் டெபக் தகவலும் அங்கே இருந்தால் போதும். டேட்டாபேஸ் சர்வரில் கம்பைலரும் வேண்டாம், பெரிய டெபக் தொகுப்பும் வேண்டாம். டிஸ்க் இடத்தில் இதுவே கணிசமான மிச்சம்.

ஆனால் அப்படிச் செய்யும்போது சாவியைக் கணக்கிடும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. பழைய மாட்யூலைப் புதிய கெர்னலில் ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? மாட்யூல் எந்தக் கெர்னலுக்குக் கட்டப்பட்டது என்று பார்க்கும் வெர்மேஜிக் சோதனை பிடித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சிம்பல்களுக்கு (செயல்கூறு, மாறிகளின் பெயர்களுக்கு) சரிபார்ப்பு எண் சேர்த்துக் கட்டப்பட்ட கெர்னல்களில் அந்தச் சோதனை வெளியீட்டு எண்ணை ஒப்பிடாமல் தாண்டிவிடும். சிம்பல்களின் எண்கள் பொருந்தினால் மாட்யூல் ஏறும். சாதாரண டிரைவருக்கு இது வசதி. முகவரியை உள்ளே பதித்துவைத்திருக்கும் டிரேசிங் மாட்யூலுக்கு இது ஆபத்து. அதனால்தான் சிஸ்டம்டாப் உருவாக்கும் மாட்யூல் தொடங்கும்போதே ஓடும் கெர்னலின் வெளியீட்டைத் தான் கட்டப்பட்ட வெளியீட்டோடு ஒப்பிட்டு, வேறாக இருந்தால் விலகிக்கொள்கிறது. அதோடு கெர்னல் கட்டப்பட்டபோது பெற்ற அடையாளமான பில்ட் ஐடியையும் சரிபார்க்கிறது.

நம் சர்வீஸில் கடைசியாக அமைத்தது இப்படி: மாட்யூல்கள் இருக்கும் டைரக்டரிப் பெயரில் கெர்னல் வெளியீடு, சிஸ்டம்டாப் பதிப்பு, ஸ்கிரிப்டின் செக்சம் மூன்றும் இருக்கும். கெர்னலைப் புதுப்பிக்கும்போது, மறுதொடக்கத்துக்கு முன்பே, புதிய வெளியீட்டுக்கான மாட்யூல் கட்டும் இயந்திரத்தில் உருவாகி அங்கே வந்துவிட வேண்டும். சர்வீஸ் தொடங்கும்போது மூன்றும் பொருந்தும் டைரக்டரியைத் தேடும். இருந்தால் ஸ்டாப்ரன். இல்லையென்றால் அந்த ஓட்டத்தை விட்டுவிட்டு, எந்த மூன்று மதிப்புகளுக்கு மாட்யூல் கிடைக்கவில்லை என்று ஜர்னலில் பிழை நிலையிலேயே ஒரு வரி எழுதும்.